யூரியா

செவ்வாயும் வெள்ளியும் என் இரத்தம்
உடம்பை விட்டு ஒரு நடை போய்வரும்.
நாலு மணித்தியாலம்.
வவுனியா ஆசுப்பத்திரி, மூன்றாம் கட்டில்.

இந்தக் குழாய்க்குள்ளே பத்தாயிரம் தாள்கள், ஐயா,
மயிரைப் போல, உள்ளே கோதாக,
என்றாள் தாதி நிருத்திகா.
சுவரெல்லாம் துளை.
சின்னது போகும், பெரியது நிற்கும்,
அதுக்கு வேறொன்றும் தெரியாது.
உங்கட கலங்களின் மென்சவ்வு அப்படியில்லை.
அதில் வாசல் இருக்கு, வாசலில் ஆள் இருக்கு.
மூன்று சோடியத்தை வெளியே தள்ளி
இரண்டு பொற்றாசியத்தை உள்ளே எடுக்கும்,
நீங்கள் நித்திரையென்றாலும்.
பெரிய சாமானென்றால்
தன் தோலையே மடித்துப் பொதியாக்கி
உள்ளே இழுத்துவிடும்.

சிரித்துவிட்டேன்.
ஏன் என்று கேட்டாள். சொல்லவில்லை.

ஓமந்தையில் என் லொறி நின்ற பகல்களில்
மூட்டை இறக்கி, மூட்டை ஏற்றி,
மாவுக்குள் கம்பி விட்டுப் பார்ப்பார்கள்.
மா போகும். பருப்புப் போகும்.
சவர்க்காரம் எண்ணிப் போகும்.
பற்றறி போகாது.
(என் சாறத்து மடிப்பில் இரண்டு போனது,
ஒரு மனுசியின் வானொலிக்கு.)
யூரியா போகவே போகாது.
அந்தப் போகம் கனகராயன்குளத்தில்
என் இரண்டு ஏக்கரும்
மஞ்சள் காமாலை பிடித்தது போல் நின்றது.
ஒரு சிரங்கை கிடைக்கவில்லை.

இன்றைய தாளில் எழுதியிருக்கிறது:
யூரியா, இருநூற்றுப் பத்து.
எங்கேயடா இருந்தாய் இவ்வளவு காலமும்?

அது போய்க்கொண்டிருக்கிறது இப்போது,
கூடின பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்கு.
தள்ளுவாரில்லை.
அடையாள அட்டை கேட்பாரில்லை.

நாலாம் கட்டிலில் மதவாச்சிப் பக்கத்து ரத்னசிறி.
என் வயதிருக்கும்.
வலது தோள் கொஞ்சம் சரிவு,
எதையோ நெடுங்காலம் தொங்கவிட்ட சரிவு.
பழைய வேலைகளைப் பற்றி நாங்கள் கதைப்பதில்லை.
வாழைப்பழத்தைப் பற்றிக் கதைப்போம்.
அவருக்கும் தடை, எனக்கும் தடை.
பொற்றாசியம்.
கதலியா கப்பலா என்று
போன வெள்ளி அரை மணித்தியாலம் வாதாடினோம்,
அவருடைய தமிழிலும் என்னுடைய சிங்களத்திலும்.
இருவருடைய கிணற்றுத் தண்ணீரும்
கேத்தில் அடியில் வெள்ளையாய்ப் படியுமாம்.

முடிந்ததும் நிறுத்தார்கள்.
இரண்டு கிலோ முந்நூறு குறைவு.
கையில் பஞ்சு ஒட்டி அனுப்பினார்கள்.

மாலை பஸ்ஸில் யன்னலோரம்.
ஓமந்தை வந்தது,
வந்த வேகத்திலேயே போனது.
ஒருவரும் இறங்கவில்லை,
ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.
என் வலது கால் மட்டும்
இல்லாத பிறேக்கை
ஒருமுறை மிதித்தது.