தட்டு மாற்றும் நேரம்

துலூத் நகரம், ஜனவரி, எழுபத்து நான்கு.
ஏரி உறைந்து, தாதுக் கப்பல்கள் கரையோரம் கட்டிக் கிடந்தன.
பழைய இசைத்தட்டு வாங்கி விற்பவன் நான்.
அதுவரை என்னை யாரும் விவாகரத்துக்கு அழைத்ததில்லை.

"இரண்டாகப் பிரித்துத் தாருங்கள்" என்றாள் ஐலி.
"நியாயமாக" என்றான் லுட்விக், சமையலறையிலிருந்து.
வீட்டையும் காரையும் வக்கீல் பிரித்துவிட்டாராம்.
தட்டுகளுக்கு அவர் காது போதவில்லை.

சுலபம் என்றுதான் நினைத்தேன்.
நால்வர் கூடிப் பாடியதெல்லாம் அவளுக்கு:
முடிதிருத்தும் கடையில் பழகிய குரல்கள்,
கோடு போட்ட கோட்டு, ஒரே அச்சில் மீசை.
உறைமேல் நிற்கும் நான்கு பேரில்
கீழ்க்குரல்காரன் மட்டும் எப்போதும் சிரிப்பதில்லை.
அந்த நாளில் புனலுக்குள் பாடித்தான் பதிந்தார்கள்;
அவன் குரலுக்கு ஊசி துள்ளிவிடும் என்று
அறைக் கோடியில் நிறுத்திவைத்தார்கள்.
சிரிப்பானா?

பெரிய வாத்தியக் குழுவெல்லாம் அவனுக்கு:
வால்ட்ஸ்கள், அணிவகுப்புகள், ஓபராவின் முன்னிசை,
ஊரெல்லாம் கேட்டுக் கேட்டுத்
தோளில் கைபோடும் அளவுக்குப் பழகிவிட்ட மெட்டுகள்.
அப்புறம் ஒரு சிம்பொனி, ஐந்து தட்டு, பத்து முகம்,
தூக்கினால் பிறந்த குழந்தையின் எடை.

நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை
நின்றுபோகும் அது.
வயலின்கள் பாதிப் படியில் ஒற்றைக்காலில் நிற்க
யாராவது எழுந்துபோய்த் திருப்பிப் போட வேண்டும்.
எழுந்தது எப்போதும் ஐலிதானாம்.
அந்த அரை நிமிடத்தில்தான்
துறைமுகத்தில் கூலி வெட்டியதும்
மகனுக்குப் பல் முளைத்ததும்
முந்தின நாள் சொன்ன சொல்லுக்கு மன்னிப்பும்
பேசி முடிப்பார்களாம்.
இதை அவள்தான் தொடங்கினாள்.
வாக்கியத்தைச் சமையலறை முடித்துவைத்தது.

பிறகு நீளத்தட்டு வந்தது, இருபத்தைந்து நிமிடம்.
பிறகு, தானே விழுந்து தானே பாடும் பெட்டி:
ஆறு தட்டு அடுக்கிவிட்டால்
இரவுச் சாப்பாடு முழுக்க ஒருவரும் எழ வேண்டாம்.
எழவில்லை.

கடைசியில் கையில் ஒன்று மிஞ்சியது.
ஒரு முகத்தில் நால்வர், மறுமுகத்தில் வாத்தியக் குழு.
எந்தக் கம்பெனிக்காரன் சிக்கனத்தில் செய்த வேலையோ,
சந்தையில் இருபத்தைந்து சென்ட் பெறாது.
"அவனுக்கே கொடுங்கள்."
"அவளே வைத்துக்கொள்ளட்டும்."
விட்டுக்கொடுப்பதிலும் சண்டைதான்.

கீறல் பார்க்க வேண்டும் என்று சொல்லிப் போட்டேன்.
முதலில் தகரத்தில் பனிமணல் உதிரும் இரைச்சல்.
பிறகு நால்வரும் வந்தார்கள்.
மேல்குரல் ஒன்று நூலாகப் பிரிந்து போய்,
எங்கோ அலைந்து,
கடைசிச் சொல்லில் மற்ற மூன்றோடும் முடிச்சிட்டது.
ஈரத்துணியோடு வாசல்நிலையில் வந்து நின்றான் லுட்விக்.
பாட்டு முடிந்தது.
ஊசி கடைசிப் பள்ளத்திலேயே சுற்றியது,
டக், டக், டக்.

யாரும் எழவில்லை.
திருப்புவது என் வேலையா, தெரியவில்லை.
இருபது வரை எண்ணினேன்.

"அடித்தளக் குழாய் உறைந்துவிடும்.
ராத்திரி கொஞ்சம் சொட்டவிட்டு வை."
"சரி."
டக், டக்.
"உன் பச்சைக் கையுறை காரில் கிடக்கிறது."
"தெரியும்."

அதற்குமேல் இல்லை. ஊசியைத் தூக்கினேன்.

ரசீதில் எழுதினேன்: தட்டு ஒன்று, விரிசல், விலையில்லை.
விரிசல் ஒன்றும் கிடையாது.
என் கடையில்தான் இருக்கிறது,
மறுமுகத்தை இன்னும் நான் கேட்கவில்லை.

மார்ச் முடிவில் பனி உடைந்தபோது லுட்விக் வந்தான்.
தட்டைப் பற்றிக் கேட்கவில்லை.
ஒரு டப்பா ஊசி வாங்கினான்,
நீளத்தட்டுக்கானது அல்ல,
நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை எழவைக்கும் வகைக்கு.
வெளியே அந்த வருடத்தின் முதல் கப்பல் ஊதியது.
சில்லறையை எண்ணாமல் பையில் போட்டுக்கொண்டான்.