குட்டி

இடதுகைச் சுட்டுவிரல்.
நகத்துக்குச் சற்றுக் கீழே, பாதி நாவற்பழம் அளவில் ஒரு கட்டி.
நடுவில் சிவப்பு, சுற்றி வெள்ளை,
வெள்ளையைச் சுற்றி மறுபடி சிவப்பு.
கவராயம் வைத்துக் கீறியதுபோல.

தயாளினி, நாற்பத்தொன்று, சரசாலை, தையல்
என்றது அட்டை.
சீழ் என்று யாரோ ஐந்து நாள் குளோக்ஸசிலின் கொடுத்திருக்கிறார்.
ஆறாம் நாள் வேறொருவர் கத்தி வைக்கப் பார்த்திருக்கிறார்.
"நான் விடேல்லை. ஊசி ஏறிப் பழகின விரல்,
உள்ளுக்குச் சீழ் இல்லையெண்டு அதுக்குத் தெரியும்."

தை பிறந்த கிழமை.
முப்பத்தெட்டு வெள்ளைச் சட்டைகள் வெட்டினபடி கிடக்கின்றனவாம்.
விரலில் ஊறும் நீர் துணியில் பட்டால்
கூலி இல்லை.

நினைத்ததையெல்லாம் எழுதினேன், பிறகு வெட்டினேன்.
அக்கி என்றால் கொத்தாய் வரும், எரியும்.
காசம் இப்படி அவசரப்படாது,
மாதக்கணக்கில் இருந்து தின்னும்.
அந்திராக்ஸ் நடுவைக் கறுப்பாக்கியிருக்கும்.
மணல் ஈயோ?
"வன்னிப்பக்கம் போனீங்களோ?"
"கொடிகாமத்துக்கு அங்கால போகேல்லை."

தசையில் ஒரு துண்டு எடுப்போம் என்றேன்.
கொழும்பு முடிவு சொல்ல மூன்று கிழமை.

அவள் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள்.
"கெதியா விடுங்கோ டொக்டர், பத்தரை மினிபஸ் பிடிக்கோணும்.
குட்டிக்குப் பால் குடுக்கோணும்.
சூப்பிப் போத்தில்தான், எண்டாலும்
என்ர கையெண்டால்தான் குடிக்கும்."

அட்டையில் எழுதினேன்: கைக்குழந்தையின் தாய்.
"எத்தின மாசம்?"
"இருபது நாள்."
நிமிர்ந்தேன். இருபது நாளைக்கு முன்
பெற்ற உடம்பாய்த் தெரியவில்லை.
"தாய் கிட்ட விடுகுதில்லை டொக்டர்.
குட்டிக்கு வாயெல்லாம் புண். முட்டினால் உதைக்குது."

காற்றாடி ஒரு சுற்றுச் சுற்றி வந்தது.
"எந்தத் தாய்?"
"மறிதான்."

வெடித்த திரையில் படம் காட்டினாள்:
காது இரண்டும் கறுப்பு, மற்றதெல்லாம் வெள்ளை,
உதட்டோரம் கூழ் காய்ந்து ஒட்டினமாதிரிப் பொருக்கு.
விரலை அதன் பக்கத்தில் பிடிக்கச் சொன்னேன்.
பிறகு நான் எதையும் வெட்டவில்லை.

ஓர்ஃப் என்று புத்தகம் சொல்லும்.
பனிமூட்டம், செம்மறி, தடித்த ஒரு வெள்ளைக்காரப் பெருவிரல்.
பரீட்சைக்குப் பாடமாக்கிய பக்கம்.
பூவரசங்குழை ஒடித்துப் போடும் விரலில், தையல் ஊசி
குத்தின வாசலால் இது நுழையுமென்று
அந்தப் பக்கத்தில் இல்லை.

"இதுக்கு மருந்தில்லை. ஆறு கிழமையில தன்பாட்டில ஆறும்.
மூடி வையுங்கோ. கையுறை போட்டுப் பால் குடுங்கோ.
ஒருதரும் வெட்டாமப் பாருங்கோ."
"மருந்தில்லாததுக்கோ மூண்டு டொக்டர்?"
சிரித்துவிட்டு எழும்பினாள்.
கதவடியில் திரும்பினாள்.
"அப்ப குட்டிக்கு?"

அது எனக்குத் தெரியாது.
மிருக வைத்தியருக்கு எடுத்தேன், முதல்தடவையாக.
எட்டு வருடமாய் ஒரே நகரத்தில் இருக்கிறோம்.
"மார்கழியிலயே தொடங்கிட்டுது" என்றார்,
"இருபது இருபத்தைஞ்சு குட்டியள்.
உங்களிட்ட ஆக்கள் வரேல்லையோ?"

வந்திருப்பார்கள்.
சீழ் என்று எழுதி அனுப்பியிருப்போம்.

கைக்குழந்தையின் தாய் என்பதை ஒரு கோட்டால் அடித்து
விதிப்படி சின்னக் கையெழுத்தும் வைத்து
மேலே எழுதினேன்: ஆடு.

அடுத்தவர் வங்கி முகாமையாளர், சப்பாத்து மினுங்க.
புறங்கையில் வரிசையாய் மூன்று முடிச்சு.
பெயருக்கு முதல் கேட்டேன்:
"வீட்டில ஆடு மாடு நிக்குதோ?"
முகம் சுளித்தார்.
"சீ, இல்லை." பிறகு, யோசித்து,
"மீன்தொட்டி ஒண்டு இருக்கு."

கதிரையை இன்னும் கிட்ட இழுத்துக்கொண்டேன்.