மூலக் கதை

வினிபெக். ஜனவரி. மைனஸ் முப்பத்தொன்று.
தணிக்கை அறையில் நாங்கள் இருவர்.
ரத்தம் என் பொறுப்பு.
கெட்ட வார்த்தை ஹில்டெகார்ட் ஃப்ரீசனுடையது.
ஞாயிறுதோறும் மெனோனைட் தேவாலயத்தில்
பாடகர் குழுவில் முன்வரிசை.
நான்கு கோடு, குறுக்கே ஒரு கோடு;
அவள் பென்சில் மட்டுமே பேசும்.

திரையில் ஒரு சூப்பர் ஹீரோ.
இறுக்கிப் பிடித்த உடை, காற்றில் அங்கி,
உள்ளே ஆறாத மூலம்.
உட்கார முடியாததால்தான் பறக்கிறானாம்.
எல்லா வீரனுக்கும் ஒரு மூலக் கதை உண்டு,
இவனுக்கு நிஜமாகவே.

வில்லன் உலகத்தை அழிக்க வருகிறான்.
இவன் கேட்பதோ ஒரு தலையணை,
நடுவில் ஓட்டை வைத்தது.
கேட்ட விதத்துக்கு மட்டும் பதினாலு கோடு.

எண்பத்தாறில் அவள் தோள் குலுங்கியது.
இருமல் என்றாள்.
தொண்ணூறைத் தாண்டியதும்
பென்சில் மேசைக்கடியில் உருண்டது,
அவளும் பின்னாலேயே போனாள்,
அங்கேயே கிடந்து சிரித்தாள்.
வெட்டுப்பட்ட கைகளை நான் கோட்டைவிட்டேன்.
ஏழா, ஒன்பதா?

மறுபடி ஓட்டினோம்.
மூன்று முறை, மூன்று எண்ணிக்கை.
நூற்று நாற்பத்திரண்டு என்று சமரசம் ஆனது.
படிவத்தில் 'வயது வந்தோருக்கு மட்டும்' என்று எழுதினாள்.
'அவர்களிலும் சிலருக்கு' என்று சேர்த்து
ரப்பரால் அழித்தாள்.

வெளியே அவள் கார் கிளம்பவில்லை.
சாவியைத் திருகினாள்.
இன்னொரு தடவை.
கதவு மூடித்தான் இருந்தது,
ஆனாலும் உதடு எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

கையுறையைக் கழற்றி
உள்ளே ஆவி படிந்த கண்ணாடியில்
ஒரு கோடு போட்டாள்.