பதினேழாவது ஒளி

தக்குவாரெம்போ தாண்டி மண்சாலை.
மழை ஓய்ந்த மறுநாள்.
உருகுவே விமானப்படையின் பழைய ஜீப்பில் நான்,
மடியில் படிவம், திசைகாட்டி,
கோணம் அளக்க மகளின் பள்ளிக்கூடப் பாகைமானி.
இந்த ஆண்டில் இது பதினேழாவது.

முந்தைய பதினாறில்
ஒன்பது விடிவெள்ளி.
மூன்று, வரிசை கட்டிப் போகும் செயற்கைக்கோள்கள்.
ஒன்று ரிவேராவில் ஒரு கல்யாணத்தில்
பறக்கவிட்ட காகித விளக்கு.
ஒன்று பொய்.
(அந்தப் பையன் அழுதான்.
எந்தக் கட்டத்தில் எழுதுவதென்று தெரியாமல்
அதை ஓரத்தில் எழுதினேன்.)
மீதி இரண்டும் இரும்பு அலமாரியில்.

ஒதிலியா எச்செகராய். வயது ஐம்பத்தெட்டு.
இருநூற்றுப் பத்து ஆடுகள்.
வேலிக்கம்பத்தில் சாய்ந்து நின்று
மாத்தே குடுவையை நீட்டினாள்.
கசப்பு நாக்கில் இருக்கும்போதே ஆரம்பித்தேன்.

உருவம்?
'கம்பளி கத்தரித்த கையோடு ஆட்டைப் பார்த்திருக்கிறீர்களா?
அப்படி, கூச்சத்தோடு.'

நிறம்?
'நிறம் என்று சொல்ல முடியாது.
அது நின்ற இடத்தில் இருட்டு இல்லை, அவ்வளவுதான்.'

ஒலி?
'காற்றாடியின் கிறீச்சு நின்றுபோனது.
வேண்டுமானால் அதை எழுதுங்கள்.'

கையை நீட்டினால்
கட்டைவிரலால் மறைக்க முடிந்திருக்குமா?
'மறைக்கத் தோன்றவில்லை.'

எவ்வளவு நேரம்?
உள்ளே போய்க் கெண்டியை எடுத்து வந்தாள்.
'அடுப்பில் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.
திரும்பிப் போனபோது இப்படி.'
தண்ணீர் சுண்டி, அடி தீய்ந்து,
உலோகம் நீலம் பூத்திருந்தது.

யாரிடமாவது சொன்னீர்களா?
'கணவனிடம். இரண்டு வருடமாக அவன் மான்டெவிதியோவில்,
வேறொருத்தியோடு.
போனில் சிரித்தான்.
அவன் சிரித்துக் கேட்டு வெகுநாள் ஆகிறது,
அதனால் இன்னொரு முறை சொன்னேன்.'

தண்ணீர்த் தொட்டி அருகே போய்ப் பாகைமானியைப் பிடித்தேன்.
கிழக்கு. பன்னிரண்டு பாகை. விடிவதற்கு முன்.
பேனா தானாகவே கட்டத்தை நோக்கிப் போனது.

'வெள்ளி என்று எழுதப் போகிறீர்கள்,' என்றாள் பின்னாலிருந்து.
'எழுதுங்கள். அவளை எனக்குத் தெரியும்.
முப்பது வருடமாக அதோ அந்த
யூக்கலிப்டஸ்களுக்குப் பின்னாலிருந்துதான் வருவாள்,
நான் பட்டியைத் திறக்கிற நேரத்துக்கு.
அன்றும் வந்தாள்.
இதற்குப் பக்கத்தில்.'

திரும்பும் வழியில் ஓடையில் ஜீப் சிக்கியது.
கார்ப்பரல் பிராவுலியோ இறங்கித் தள்ளினான்,
நானும் தள்ளினேன், முழங்கால்வரை சேறு.
நிமிர்ந்தபோது மேலே அத்தனை நட்சத்திரம்,
ஒன்றும் அசையவில்லை.
'என்ன எழுதினீர்கள், மேடம்?' என்றான்.
சக்கரம் புதைந்திருக்கிறது, கல் எடுத்துப் போடு என்றேன்.

கோப்பு இப்போது மூன்றாவதாக அலமாரியில்.
விளக்கம் என்ற கட்டம் காலி.
இணைப்பு: கெண்டி ஒன்று, அடி தீய்ந்தது.
வேறு வாங்கிக்கொள்கிறேன் என்று
அவளே கொடுத்தாள்.