பதினொன்று ஒன்று

பிரிட்ஜ் கதவில், காந்தத்துக்கு அடியில்,
ஞாயிறுதோறும் ஒரு தாள்.
படகு: பதினாறு அடி. பாய் வெள்ளை, உடல் நீலம்.
ஆட்கள்: நானும் ஷெரிலும்.
மிதவைச் சட்டை இரண்டு, ஆரஞ்சு.
புறப்பாடு ஆறு பத்து. எண்ணூர்ப் பக்கம் போய்த் திரும்பல்.
கரை பத்தரை.
கீழே, பேனா அழுந்திய கோட்டின் மேல்:
பதினொன்று வரை பதறாதே.
பதினொன்று ஒன்றுக்கு 1554.

இர்ஃபானாவின் கையெழுத்து.
வாரமெல்லாம் தணிக்கை அலுவலகத்தில்
அடுத்தவர் கணக்கில் பிழை தேடும் கை.

நான் கடலுக்குப் போகாதவள். குமட்டும்.
ராயபுரத்து மூன்றாம் மாடியில்
துணிக் கம்பிகளுக்கு நடுவே
கைக்குட்டை அளவு கடல் எங்களுக்கு உண்டு.
பாய் ஒன்றும் தெரியாது அதில்.
கிரேன் தெரியும், காத்து நிற்கும் கப்பல் தெரியும்.

அன்று பத்தே முக்கால்.
வஞ்சிரம் மசாலாவில் ஊறிக்கொண்டிருந்தது.
தேங்காய் அரைக்க மிக்ஸியை எடுத்தால்
பிளக் துளையை அடைத்துக்கொண்டு வேறொன்று,
பச்சை விளக்கோடு:
அவளுடைய ரேடியோ. முழு சார்ஜ்.
தண்ணீரில் விழுந்தாலும் மிதக்கும் என்று
வாங்கிய நாளில் பீற்றிக்கொண்டாளே, அது.

திருகினேன். பதினாறாவது சானல். இரைச்சல்.
நங்கூரம் பற்றி யாரோ யாரிடமோ.
அதில் சும்மா பேசக் கூடாது, கேட்டுக்கொண்டிருக்கணும்
என்பாள்.
பொத்தான்மேல் கட்டைவிரலை வைத்து
அழுத்தாமல் நின்றேன்.

பதினொன்று ஒன்று.
"படகு என்ன கலர்?"
தாளைப் படித்தேன்.
"எத்தனை பேரு?"
படித்தேன்.
"ரேடியோ இருக்குங்களா?"
"இருக்கு. இங்க இருக்கு."
மறுமுனையில் பேனா நின்றது.
"நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"
தாளில் அதற்குக் கட்டம் இல்லை.
"ஒரே வீடு."

பன்னிரண்டு இருபதுக்கு
காசிமேட்டு விசைப்படகு கயிறு கட்டி இழுத்து வந்ததாம்.
சுக்கான் ஆணி கழன்றிருக்கிறது.
போன் உறைக்குள் பத்திரம், சிக்னல்தான் இல்லை.
துடுப்பு நுனியில் ஷெரிலின் சட்டையைக் கட்டி
ஆட்டியிருக்கிறார்கள்.
"அந்தக் கலர்தான்மா கண்ல பட்ச்சி" என்றாராம்
டிரைவர் தேசப்பன். அப்புறம்
கழட்டியதற்காக ஷெரிலைத் திட்டினாராம்.

நான் திட்டச் சேர்த்துவைத்ததெல்லாம்
புருவத்தில் உப்புப் பூத்து அவள் படியேறியதும்
எங்கோ போயிற்று.
மூன்று துண்டு மீன் தின்றாள்.
நாலாவதில் கை வைக்கும்போது
மறுபடி அவர்களே அழைத்தார்கள்:
"வந்துட்டாங்களாமா?
வந்தா வந்துட்டோம்னு சொல்லணும்ல?"

மஞ்சள் விரலோடு பேனா எடுத்தாள்.
அடுத்த ஞாயிறு தாளில் இரண்டு வரி கூடுதல்:
திரும்பியதும் 1554க்குச் சொல்.
தேங்காயை முந்தின இரவே அரை.