முன்னெழுத்து

கரி ரோட்டில் இறங்கி
கண்ணாடிக் கோபுரத்தின் பின்வாசல் வழியே போனால்
பழைய மில்லின் பேரேடுகள்
ஒரு தகரக் கொட்டகையில் கிடக்கின்றன.
புகைபோக்கியை மட்டும் இடிக்காமல் விட்டு
ராத்திரியில் அதற்கு நீல விளக்குப் போடுகிறார்கள்.

வம்சப் பெருமை தேடி நான் வரவில்லை.
மில் தொழிலாளியின் வாரிசுக்குக்
குலுக்கலில் வீடு விழும் என்றார்கள்.
தாராவியில் ஒரே அறையில் ஆறு பேர் நாங்கள்.
தாத்தா மாசானமுத்து, ரிங் பிரேம், இரவு ஷிப்ட்.
நாலு திங்கட்கிழமை லீவு போட்டாயிற்று.
மாருதி இருக்கிறார், மாதவ் பதினேழு பேர் இருக்கிறார்கள்.
மாசானமுத்துவைக் காணோம்.

குமாஸ்தா பண்டாரே
அப்பாவின் பள்ளிச் சான்றிதழைக் கேட்டான்.
த. செல்லையா.
த என்றால்?
தகடு.

தகடு என்று யாருக்காவது பெயர் இருக்குமா?
டேய் தகரம், டேய் ஈயம் என்று
வகுப்பே அப்பாவைக் கூப்பிட்டதாம்.
தாத்தா கழுத்தில் எண் வெட்டிய பித்தளை வில்லை தொங்கும்,
வாத்தியார் அதைப் பார்த்து எழுதிவிட்டார் என்று
அப்பாவே ஒரு கதை கட்டி வைத்திருந்தார்.
அறுபது வருஷம் நம்பினோம்.
ரேஷன் கார்டும் நம்பியது.

பண்டாரே எச்சில் தொட்டு ஏட்டைப் புரட்டினான்.
தகடு கோந்து ஷிகவண். டிக்கெட் 4417.
மராத்தியில் கல் என்று அர்த்தமாம்.
முன்னே பிறந்ததெல்லாம் தங்காதபோது
எமன் திரும்பிப் பார்க்காமலிருக்க வைப்பார்களாம்,
நாம் குப்பை, பிச்சை என்று வைப்பதுபோல்.
உன் தாத்தா பத்லி, என்றான்.
வராதவனின் பெயருக்குள் நுழைந்து
தறிச் சத்தத்தில் எட்டு மணி நேரம் நிற்கிறவன்.
தமிழில் பதிலி. எழுத்து அதிகம் மாறவில்லை.
அந்த மில் சீட்டைக் காட்டித்தான்
மகனைப் பள்ளியில் சேர்த்திருக்கிறார்.

லால்பாக் சாலில் மூன்றாம் மாடி,
ஷிகவணின் பேத்தி வைஜயந்தி.
அவளும் அதே ஏட்டைத் தேடி அலைந்தவள்.
அவள் சிக்கல் வேறு:
அவள் தாத்தா நெஞ்சுச் சளியோடு
சங்கமேஷ்வர் பக்கம் ஊருக்குப் போய்
ஐம்பத்தெட்டாம் வருஷ மழையில் செத்துப்போனார்.
ஏட்டில் எண்பத்திரண்டு சனவரி வரை
ஷிப்டுக்கு வந்திருக்கிறார்.
தீபாவளி போனஸ் வாங்கியிருக்கிறார்.
செத்தவர் ஸ்டிரைக்கும் பண்ணியிருக்கிறார், என்று சிரித்தாள்.
எனக்கும் சிரிப்பு வந்தது, பிறகு நின்றது.

அவள் டிரங்குப் பெட்டியில்
ஒரு கட்டு மணியார்டர் துண்டுகள்.
மாதம் பதினைந்து ரூபாய்.
பெயருக்கு வாடகை.
அனுப்புநர் இடத்தில், யாரோ எழுதிக்கொடுத்த நாகரியில்,
மாசான் முத்து.
ஊர் உலகத்தில் அவர் பெயர் எழுதப்பட்ட ஒரே காகிதம்
எங்கள் வீட்டில் இல்லை.
அதில் என் அப்பா படித்தார், என்றாள் வைஜயந்தி.
என் அப்பா ஐந்தாவதோடு நின்றார்.
அதை நான் சொல்லவில்லை.
அவள் ஊற்றிய டீயைக் குடித்தேன்.

டிக்கெட்டுக்கு ஒரு விண்ணப்பம்தான்.
தொழிலாளிக்கும் உங்களுக்கும் உறவு என்ற இடத்தில்
அவள் நாத் என்று எழுதுவாள். பேத்தி.
அது உண்மை.
அவர் நின்ற கால் எங்களுடையது.
அதற்குக் கட்டம் போடவில்லை.

ராத்திரி அப்பாவிடம் சொன்னேன்.
ரொம்ப நேரம் மின்விசிறியைப் பார்த்தார்.
அப்போ நான் மா-வா? என்று மட்டும் கேட்டார்.
கரண்ட் பில்லின் பின்பக்கம்
மா. செல்லையா, மா. செல்லையா, மா. செல்லையா.
நாலாவது தடவை
கை தன்பாட்டில் த போட்டது.
அடித்துவிட்டு,
பேனாவை மூடி வைத்தார்.

வெள்ளிக்கிழமை கடைசி நாள்.