பாதி மருந்து

காட்டுப்பன்றிக்கென்று லைசென்ஸ் வாங்கிய ரைஃபிள்.
இந்தப் பருவத்தில் பன்றி வரவில்லை.
அணில்தான் வந்தது.

பாலிக் பூலாவ் மலைச்சரிவில்
தவுக்கே லிம்மிடம் நாங்கள் குத்தகைக்கு எடுத்த
நாற்பத்தொரு டுரியான் மரம்.
ஹோர் லோர் மரத்தில் காய்க்கொரு துளை,
துளைக்குள் மழைத்தண்ணீர்,
தண்ணீரில் எறும்பு.

முதல் நாள் இளம்பரிதி முழுத் தோட்டாவால் சுட்டார்.
அணில் இருந்த இடத்தில் அணில் இல்லை.
கொஞ்சம் வால் இருந்தது.
பின்னால் தொங்கிய காய் இரண்டாய்ப் பிளந்து
சரிவில் உருண்டது.
கீழ்க்கம்பத்தில் ஹாஜி ரோஸ்லானின் பூனைகள்
மூன்று நாள் வீடு திரும்பவில்லையாம்.

"கொசுவுக்கு பீரங்கி" என்று முனகிக்கொண்டே
அன்று ராத்திரி
சமையலறை மேசையில் செய்தித்தாள் விரித்தார்.
மருந்தைக் குறைக்கப் போகிறாராம்.

எண்ணித் தந்த தோட்டாவைப்
பிரிக்கக் கூடாது. மாற்றக் கூடாது.
எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.
ஜன்னல் திரையை இழுத்துவிட்டது நான்தான்.

"ஆஸ்பத்திரித் தராசு?"
"வராது" என்றேன்.
மறுநாள் பினாங்கு ஸ்திரீட் நகைக்கடையொன்றில்
குன்றிமணி எடைகூடக் காட்டும் தராசு வாங்கி வந்தார்,
தாலிக்குத் தங்கம் பார்க்க வந்தவர் மாதிரி
பேரம் பேசி.

நானும் மருந்து அளக்கிறவள்.
பதினாறு வருஷமாய் அரசாங்க மருந்தகத்தில்
மாத்திரையைப் பாதியாய் உடைத்து
உறையிலிட்டுப் பெயர் எழுதுகிறேன்.
நோய்க்கும் மருந்து, துப்பாக்கிக்கும் மருந்து;
இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தவன்
என்ன நினைத்து வைத்தானோ.
எஸ்.பி.எம். இலக்கணத்தில் மனசில் நின்றது இவ்வளவுதான்:
மருந்து என்று சொன்னால்
கடைசி உகரம் குறுகிவிடும். அரை மாத்திரை.
ஒரு மாத்திரை என்பது கண் இமைக்கும் நேரம்.

சனிக்கிழமை, பனி இறங்காத விடியல்.
பலம் குறைந்தால் கிட்டே போக வேண்டும்;
தோட்டாவைப் பற்றி அவர் சொன்னது அது ஒன்றுதான்.
மரத்தடி வரைக்கும் போனோம்.
கிளையில் அது தின்கிற ஓசை கேட்டது.
பல்லின் ஓசை.

ஈரத்துணியை உதறிய மாதிரி ஒரு சத்தம்.
காய் அசையவில்லை.
இலை ஒன்று யோசித்து யோசித்து இறங்கியது.
இளம்பரிதி திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்.
கல்யாணத்தில்கூட அப்படிச் சிரித்தவரில்லை.

முழுசாய் விழுந்திருந்தது அணில்.
செங்கல் நிற வயிறு. பழுப்பு முதுகு.
முதுகில் மூன்று கோடு கிடையாது,
ராமர் கை இவ்வளவு தூரம் எட்டவில்லை போலும்.

பிறகுதான் பார்த்தோம்,
விலா ஏறி இறங்குவதை.
கண் என்னைப் பார்த்தபடி மூடப் போய்
பாதியில் நின்றது.
அரை மாத்திரை.

அவர் துப்பாக்கிக் கட்டையைத் திருப்பிப் பிடித்தார்.
கீழே வைத்தார்.
மறுபடி எடுத்தார்.
"நீ வீட்டுக்குப் போ" என்றார் மரத்தைப் பார்த்து.

நான் போகவில்லை.
குந்தி உட்கார்ந்து, கட்டைவிரலால்
கழுத்தைத் தேடி
முடித்தேன்.
சூடாக இருந்தது. தீப்பெட்டியை விடக் கனம் இல்லை.

மத்தியானம் துத்தநாகத் தகடு வாங்கப் போனவர்
இருட்டிய பிறகு வந்து
ஒவ்வொரு அடிமரத்திலும் சுற்றி ஆணி அடித்தார்.
சத்தம் மலை முழுக்கக் கேட்டது.
தராசு மேசையிலேயே கிடந்தது,
ஒரு தட்டு தாழ்ந்து.

திங்கட்கிழமை கவுண்ட்டரில்
மக்சிக் ஹலீமா பாதி மாத்திரையை
வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.
"ஸ்தெங்ஙா சுக்கோப் கா, நாக்?"
பாதி என்றுதான் டாக்டர் எழுதியிருந்தார்.
போதும் என்று சொல்ல வாயெடுத்தேன்.

உறையை மடித்த கட்டைவிரலில்
அந்தச் சின்ன எலும்பு.